பழைய ஃபோர் வீல் ஜீப்பில் பெரிய என்ஜின்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரை கே.புதூர் தொழிற்பேட்டைப் பக்கத்திலுள்ள ஒரு லேத் பட்டறையில், பழைய பெட்ரோல் என்ஜினுக்குப் பதில் பெரிய டீசல் என்ஜின் பொருத்துவதற்காக, என்னுடைய சி.ஜே. 3பி ஜீப் ஏழு மாதம் பானெட் இல்லாமல் நின்றது. அந்த ஏழு மாதமும், அது ஓடத் தொடங்கிய பிறகும், தேநீர்க் கடையிலிருந்து பெட்ரோல் பங்க் வரை ஒரே வகையான சந்தேகங்களையே பலர் கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிச் சலித்ததால் எழுதி வைத்தேன். நான் மெக்கானிக் அல்லன். இந்த வேலையைக் காசு கொடுத்துச் செய்வித்தவன், அதில் ஒரு பகுதியை இரண்டு முறை செய்வித்தவன்.

பழைய பெட்ரோல் என்ஜினுக்கு என்ன குறை? எதற்காக மாற்ற வேண்டும்?

நம் பக்கத்தில் 'ஹை பானெட்' என்று சொல்லப்படும் சி.ஜே. 3பி ஜீப்பில் இருந்தது ஹரிகேன் என்ஜின். நான்கு சிலிண்டர், 2,199 சி.சி., சுமார் 155 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. உள்ளிழுக்கும் வால்வு மேலே ஹெட்டிலும், புகை வெளியேறும் வால்வு கீழே பிளாக்கிலுமாக அமைந்த வடிவம் அது. அதனால் என்ஜின் உயரம் கூடியது, அதற்கு இடம்விட்டுப் பானெட்டும் உயர்ந்தது. குறைந்த சுற்றில் இழுப்பதில் அந்த என்ஜினைக் குறை சொல்ல முடியாது.

ஆகவே முதலில் கேட்க வேண்டியது, வண்டி இழுக்காததற்குக் காரணம் என்ஜினின் அளவா, தேய்மானமா என்பது. கம்ப்ரஷன் பார்க்காமல், கார்புரேட்டரைச் சுத்தம் செய்யாமல், வால்வு இடைவெளி சரிபார்க்காமல் 'இந்த என்ஜினில் சத்தில்லை' என்று முடிவு கட்டியவர்கள் நிறையப் பேர். உங்கள் வண்டி ஞாயிற்றுக்கிழமை அழகர்கோவில் வரை போய்வரும் வண்டி என்றால் பழைய என்ஜினைப் பிரித்துச் சீர்செய்வதே போதும். மேகமலை, போடிமெட்டு என்று ஆள் ஏற்றிக்கொண்டு மலையேற வேண்டும், பெட்ரோல் செலவும் கட்டுப்படியாகவில்லை என்பவர்களுக்குத்தான் மீதிப் பக்கங்கள்.

எந்த என்ஜின் போடலாம்? ஊரில் ஆளுக்கொன்று சொல்கிறார்களே.

நடைமுறையில் நம் பக்கம் மூன்று குடும்பங்கள்தான் பேச்சில் அடிபடுகின்றன. முதலாவது, மஹிந்திராவின் 2,523 சி.சி. டி.ஐ. (சிலிண்டருக்குள் நேரடியாக டீசலைத் தெளிக்கும் வகை) டீசல். டிராக்டர் என்ஜின் வழியில் வந்தது. சத்தம் அதிகம், அதிர்வு அதிகம், ஆனால் எந்தச் சிற்றூரிலும் பிரித்துப் பூட்டத் தெரிந்தவர் இருப்பார். இரண்டாவது, மஹிந்திராவின் எம்.எம். 540 ஜீப் முதலிய வண்டிகளில் வந்த, பிரெஞ்சு நிறுவனமான பூஜோ வகை டீசல்கள். அதில் 2,112 சி.சி., 2,498 சி.சி. என இரண்டு அளவுகள் உண்டு. ஓட்டம் மென்மையானது, ஹீட்டர் பிளக்குகளைக் கவனித்துக்கொள்ள வேண்டும். இவற்றில் 2,112 சி.சி. என்ஜின் ஹரிகேனைவிடச் சிறியது என்பதை வாங்கும் முன் நினைவில் வையுங்கள். மூன்றாவது, டாடா 407 சிறு லாரியின் 2,956 சி.சி. என்ஜின்.

என் தேர்வு முதலாவது. 407 என்ஜினை இந்தச் சிறிய ஜீப்பில் திணித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். முன்பக்கம் மூக்கைத் தரையில் ஊன்றிய மாடுபோல் வண்டி நிற்கிறது. 80 அங்குல வீல்பேஸும், ஒரு டன்னை ஒட்டிய வெற்று எடையும் கொண்ட வண்டி இது. இதற்கு லாரிக் குடும்பத்து என்ஜின் தேவையில்லை.

ஆர்.டி.ஓ. ஆபீசில் மாற்றிய பிறகு சொன்னால் போதாதா?

போதாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டவற்றிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதையே உறுதி செய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தில் சேர்ந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியின்றி வண்டியை மாற்றும் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம்.

எனவே என்ஜினுக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்பே, என்ன என்ஜின், எந்த எரிபொருள், எத்தனை சி.சி. என்று எழுதிப் பதிவு அதிகாரியிடம் எழுத்தாலேயே அனுமதி கேளுங்கள். ஒரே தயாரிப்பாளர், அதே மாடல் வரிசையில் வந்த என்ஜின் என்றால் பேச இடமுண்டு. பெட்ரோல் வண்டியை டீசலாக்குவது அதைவிடக் கடினம். மறுத்துவிட்டால், அந்த மறுப்பு உங்கள் பணத்தைக் காப்பாற்றியது என்று எடுத்துக்கொள்ளுங்கள். அனுமதியில்லாத வண்டியில் விபத்து நேர்ந்தால், இன்சூரன்ஸ்காரர் முதலில் பார்ப்பது என்ஜின் எண்ணைத்தான்.

வண்டிக்கு அறுபது வயது. வின்டேஜ் என்று பதிந்துவிட்டால் தொல்லை இல்லையே?

இரண்டும் ஒன்றுக்கொன்று ஆகாது. 2021 ஜூலையில் வந்த மத்திய விதிகளின்படி, 50 ஆண்டுக்கு மேற்பட்டு, மூல வடிவம் மாறாமல், சேஸிஸ், பாடி, என்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் எதுவும் செய்யப்படாத வண்டியே வின்டேஜ். பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய். 'விஏ' என்ற எழுத்துகள் சேர்ந்த தனி எண் வரிசை. அந்தப் பதிவு கண்காட்சி, பேரணி போன்றவற்றுக்கானது, அன்றாட ஓட்டத்துக்கு அல்ல. என்ஜினை மாற்றிய நாளே அந்தக் கதவு மூடிவிடும்.

பழைய இரும்புக் கடையில் என்ஜின் மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?

காகிதம் இருந்தால் வாங்கலாம். என்ஜின் எந்த வண்டியிலிருந்து வந்தது, அந்த வண்டியின் ஆர்.சி. ஒப்படைக்கப்பட்டதா, ஏலத்தில் எடுத்ததா என்பதற்குச் சான்று வேண்டும். பில்லில் என்ஜின் எண் எழுதப்பட்டிருக்க வேண்டும். எண் உள்ள இடத்தை விரலால் தடவிப் பாருங்கள். வார்ப்பு மேற்பரப்பு சொரசொரப்பாக இருந்து எண் உள்ள இடம் மட்டும் வழவழப்பாக இருந்தால், அங்கே அரம் ஓடியிருக்கிறது. அந்த என்ஜினை இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

முடிந்தால், வண்டியிலிருந்து கழற்றாமல் ஓடிக்கொண்டிருக்கும் என்ஜினைக் கேட்டுப் பார்த்து வாங்குங்கள். சூடான பிறகு ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் புகை புஸ்ஸென்று அடிக்கிறதா, ரேடியேட்டரில் குமிழி வருகிறதா என்று பார்க்க இரண்டு நிமிடம் போதும். டீசல் பம்பை எப்படியும் பம்ப் லேபில் கொடுத்துச் சரிபார்க்கும் செலவு உண்டு. விலை பேசும்போதே அதைக் கழித்துக்கொள்ளுங்கள்.

அண்ணே, பழைய கியர்பாக்ஸையே வச்சுக்கிட்டா செலவு மிச்சம்தானே?

பழைய மூன்று கியர் டி-90 பெட்டியை வைத்துக்கொள்ள முடியும். என்ஜினுக்கும் பெட்டிக்கும் இடையில் ஒரு தட்டு கடைந்து, கிளட்சை மூடியிருக்கும் பெல் ஹவுசிங்கில் பூட்ட வேண்டும். இந்தத் தட்டில்தான் பெரும்பாலான வேலைகள் கெடுகின்றன. கிராங்க் ஷாஃப்டின் மையமும் கியர்பாக்ஸ் இன்புட் ஷாஃப்டின் மையமும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். விலகல் 0.125 மில்லிமீட்டருக்குள் அடங்க வேண்டும். அது தடித்த காகிதம் ஒன்றின் கனம்.

எனக்கு முதலில் வேலை செய்த பட்டறையில் தட்டை அட்டை வெட்டி அளவெடுத்துத் துளையிட்டார்கள். வண்டி ஓடியது. ஆயிரம் கிலோமீட்டருக்குள் கிளட்ச் மிதிக்கும்போது ஒரு முனகல், பிறகு மூன்றாவது கியர் தானாக நழுவி நியூட்ரலுக்கு வருவது. பிரித்தபோது ஃபிளைவீல் நடுவிலுள்ள சிறு புஷ் ஒருபக்கமாக நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தது. புதூர் லேத்காரர் ஃபிளைவீலில் டயல் கேஜைக் காந்தத்தால் நிறுத்தி, முனையைப் பெல் ஹவுசிங்கின் வாய்க்குள் வைத்து, கிராங்கைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றச் சொன்னார். முள் அரை மில்லிமீட்டருக்கு மேல் ஆடியது. அளவில் பாதிதான் உண்மையான விலகல் என்றாலும், அனுமதிக்கக்கூடியதைப்போல் இரண்டு மடங்கு. அவர் ஒன்றும் சொல்லவில்லை. முள்ளை என் பக்கம் திருப்பி வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விட்டார்.

என் கருத்தைக் கேட்டால், என்ஜின் எந்த வண்டியிலிருந்து வருகிறதோ அதன் கியர்பாக்ஸையும் சேர்த்தே வாங்குங்கள். மையம் பார்க்கும் வேலை மிச்சம். கூடுதல் கியர்களும் கிடைக்கும். பதிலுக்குப் புரொப்பல்லர் ஷாஃப்ட் இரண்டையும் வெட்டி நீளம் மாற்றி, பேலன்ஸ் செய்ய வேண்டிவரும். அந்தச் செலவு நேர்மையான செலவு.

டீசல் என்ஜின் உள்ளே உட்காருமா, ஃபயர்வாலை (என்ஜினுக்கும் ஓட்டுநருக்கும் இடையிலுள்ள தகட்டை) வெட்ட வேண்டுமா?

ஹை பானெட் வண்டியில் உயரப் பிரச்சினை பெரும்பாலும் இல்லை. காரணம் முதல் கேள்வியிலேயே இருக்கிறது. லோ பானெட் வண்டியில் பானெட்டில் ஓட்டை போடாமல் தப்புவது கடினம். உயரத்தைவிடக் கவனிக்க வேண்டியது அடிப்பக்கம். இந்த ஜீப்பில், இழுவையை முன், பின் ஆக்ஸில்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் வலப்பக்கமாக ஒதுங்கியிருப்பதால், முன் டிஃபரன்ஷியலும் (ஆக்ஸிலின் இரு சக்கரங்களுக்கும் இழுவையைப் பகிரும் பல்சக்கரப் பெட்டி) வலப்பக்கம் ஒதுங்கியிருக்கிறது. நம் நாட்டு வண்டியில் ஸ்டீயரிங் பெட்டியும் அதே பக்கம். ஆகவே புது என்ஜினின் ஆயில் சம்பின் (அடியிலுள்ள ஆயில் தொட்டியின்) ஆழமான பகுதி எங்கே வருகிறது, புகைக்குழாய் எந்தப் பக்கம் இறங்குகிறது என்பதை என்ஜினைத் தொங்கவிட்டுப் பார்த்துத்தான் இடம் குறிக்க வேண்டும். ஸ்பிரிங் முழுதாக அமுங்கும்போது டிஃபரன்ஷியல் எவ்வளவு மேலே வரும் என்பதையும் ஜாக்கி வைத்துத் தூக்கிப் பாருங்கள். நின்ற நிலையில் இரண்டு விரல் இடைவெளி இருந்தது என்று திருப்திப்பட்டவர்கள், முதல் பள்ளத்திலேயே சம்பை உடைத்திருக்கிறார்கள்.

மவுண்டிங்குகளுக்கு அந்த என்ஜினுடைய ரப்பர்களையே பயன்படுத்துங்கள். இரும்புக் காலை நேராகச் சேஸிஸில் வெல்டு வைத்தால் டீசல் அதிர்வு முழுவதும் சேஸிஸுக்குப் போகும். முதல் பட்டறை எனக்கு அதையும் செய்திருந்தது. ஒருநாள் அடிப்பாகம் கழுவியபின், வெல்டு முடிகிற இடத்திலிருந்து தலைமுடி கனத்தில் துருநிறக் கோடு ஒன்று கீழ்நோக்கி வடிந்திருந்தது. அது அழுக்கு அல்ல, விரிசல். சேஸிஸின் மேல் கீழ் விளிம்புகளுக்குக் குறுக்கே வெல்டு ஓட்டாமல், பக்கவாட்டில் ஒரு தகடு சேர்த்து அதில் போல்ட்டால் பூட்டுவதே முறை.

முன்பக்க ஸ்பிரிங்கில் ஒரு பட்டை கூட்டினால் போதுமா?

எடை தெரியாமல் சொல்ல முடியாது. வேலைக்கு முன் ஒருமுறை, பின் ஒருமுறை, முன் சக்கரங்களை மட்டும் எடை மேடையில் ஏற்றி எடை பாருங்கள். வித்தியாசம் தெரிந்தால் பட்டறைக்காரர் பட்டையின் கனத்தைச் சொல்லிவிடுவார்.

பெரிய என்ஜின் போட்டும் எண்பதுக்கு மேல் போக மாட்டேன் என்கிறதே, ஏமாந்துவிட்டேனா?

ஏமாறவில்லை; கணக்குப் போடவில்லை. பழைய ஜீப்பின் டிஃபரன்ஷியலுக்குள் இருக்கும் பல்சக்கர ஜோடியான கிரவுன் பினியனின் விகிதம் 5.38. அதாவது டாப் கியரில் என்ஜின் 5.38 சுற்றுச் சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று. 6.00-16 டயரின் சுற்றளவு சுமார் 2.25 மீட்டர். ஹரிகேன் 4,000 சுற்று வரை சுற்றக்கூடியது, டி.ஐ. டீசல் 3,200 சுற்றோடு நின்றுவிடும். 3,200-ஐ 5.38-ஆல் வகுத்து, 2.25-ஆல் பெருக்கி, மணிக்கணக்கில் மாற்றினால் 80 கிலோமீட்டர். அதற்குமேல் போக என்ஜினுக்குச் சக்தி இருக்கிறது, சுற்று இல்லை.

4.88 விகிதத்துக்கு மாறினால் அதே சுற்றில் 88 கிலோமீட்டர். ஐந்தாவது கியர் ஓவர்டிரைவாக (என்ஜினைவிட ஷாஃப்ட் வேகமாகச் சுற்றும்படி) உள்ள கியர்பாக்ஸ் என்றால் கிரவுனைத் தொடாமலேயே தொண்ணூறைத் தாண்டும். முன்பு கியர்பாக்ஸோடு சேர்த்து வாங்கச் சொன்னதற்கு இது இரண்டாவது காரணம். நான்குவழிச் சாலையில் கப்பலூர் தாண்டியதும் நூறில் போக வேண்டும் என்ற ஆசை இருந்தால், கிரவுனைப் பற்றி யோசிப்பதற்கு முன் பிரேக்கைப் பற்றிய பதிலைப் படியுங்கள்.

பின்பக்கக் கிரவுனை மட்டும் மாற்றினால் போதும் என்கிறாரே மெக்கானிக்?

ஃபோர் வீலே போடப்போவதில்லை என்று சத்தியம் செய்தால் போதும். இந்த வண்டியில் ஃபோர் வீல் போட்டதும் முன் ஷாஃப்டும் பின் ஷாஃப்டும் ஒரே வேகத்தில் பூட்டிக்கொள்ளும்; நடுவில் ஈடுகட்ட டிஃபரன்ஷியல் கிடையாது. முன்னே 5.38, பின்னே 4.88 என்றால், பின் சக்கரம் 100 மீட்டர் ஓடும்போது முன் சக்கரம் 91 மீட்டருக்குத்தான் சுற்றும். மீதி ஒன்பது மீட்டரும் டயர் தேய்ந்தாக வேண்டும், அல்லது உள்ளே எங்காவது பல் உடைய வேண்டும். மாற்றினால் இரண்டையும் மாற்றுங்கள்.

பிரேக் நன்றாகத்தான் பிடிக்கிறது. அதையும் ஏன் மாற்றச் சொல்கிறீர்கள்?

இந்தக் கேள்வியை என்னிடம் கேட்டவர்களில் யாரும் மலையிலிருந்து இறங்கும்போது கேட்கவில்லை. பழைய ஜீப்பில் 9 அங்குல டிரம், பெடலை மிதிக்க உதவும் பூஸ்டர் கிடையாது, நான்கு சக்கரத்துக்கும் ஒரே குழாய்வழி. ஒரு சக்கரத்தில் பிரேக் சிலிண்டரின் ரப்பர் கப் கசிந்தால் நான்கிலும் பிரேக் போய்விடும். இதில் முன்பக்க எடையைக் கூட்டி, வேகத்தையும் கூட்டுகிறோம்.

பலருக்குத் தெரியாத இன்னொன்று உண்டு. பெட்ரோல் என்ஜினில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் கார்புரேட்டரின் தகடு மூடிக்கொண்டு, என்ஜின் வெற்றிடத்தை எதிர்த்து மூச்சிழுக்கும். அந்தத் திணறல்தான் இறக்கத்தில் வண்டியைப் பிடித்து நிறுத்துகிறது. டீசலில் அந்தத் தகடு இல்லை. காலை எடுத்தால் டீசல் நிற்கும், காற்று தாராளமாகப் போய்வரும். ஆகவே அதே அளவுள்ள பெட்ரோல் என்ஜின் பிடித்த அளவுக்கு டீசல் பிடிக்காது. சிறுமலையின் 18 கொண்டை ஊசி வளைவுகளில் என் வண்டி முதல் முறை இறங்கியபோது, பாதி வழியில் பெடல் மெத்தென்று ஆகி, டிரம்மிலிருந்து கருகிய வாடை வந்தது. முதல் கியரில் போட்டு, கல் ஒன்றைச் சக்கரத்துக்கு அடை கொடுத்து, முக்கால் மணி நேரம் மிளகுக்கொடிகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஆகவே என்ஜின் வருவதற்கு முன்பே பின்னாளைய மாடல்களின் பெரிய டிரம்களையோ, முன்பக்கம் டிஸ்க்கையோ பொருத்துங்கள், முன்னும் பின்னும் தனித்தனிக் குழாய்வழியுள்ள மாஸ்டர் சிலிண்டர் போடுங்கள், பூஸ்டர் வையுங்கள். பூஸ்டருக்கு வேண்டிய வெற்றிடம் டீசல் என்ஜினில் தானாக உண்டாகாது. ஆல்டர்னேட்டரின் பின்னால் வேக்குவம் பம்ப் சேர்ந்த வகையே வேண்டும். பெல்ட் அறுந்தால் பிரேக் உதவியும் போகும் என்பதால் ஒரு பெல்ட் எப்போதும் சீட்டுக்கடியில் இருக்கட்டும். ஹேண்ட் பிரேக்கை நம்பாதீர்கள். இந்த ஜீப்பில் அது டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்னால் ஷாஃப்டைப் பிடிப்பது, நின்ற வண்டிக்கானது.

நம்ம ஊர் வெயிலுக்குச் சூடேறாதா?

பழைய ரேடியேட்டரோடு விட்டால் ஏறும். செம்பு, பித்தளை ரேடியேட்டரை அதே மேல்தொட்டி, கீழ்த்தொட்டியோடு நான்கு வரிசைக் கோராக மாற்றித் தரும் பட்டறைகள் இங்கேயே உள்ளன. அதைவிட முக்கியமானது விசிறியைச் சுற்றிய கூண்டு. கூண்டில்லாத விசிறி தன் நுனியைச் சுற்றிய காற்றையே திரும்பத் திரும்பக் கடைந்துகொண்டிருக்கும்.

சூடேறுகிறது என்றதும் தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி எறிவது நம் ஊர் வைத்தியம். அதனால் என்ஜின் பெரும்பாலான நேரம் சூடாகாமலேயே ஓடி, சிலிண்டர் தேயும். சித்திரை வெயிலில் நெரிசலில் நிற்கும்போது வரும் சூடு அப்படியே இருக்கும்.

ஃபோர் வீல் லோவில் போட்டு இழுத்தால் ஆக்ஸில் தாங்குமா?

பழைய கியர்பாக்ஸில் முதல் கியர் 2.8, டிரான்ஸ்ஃபர் கேஸின் லோ (மெதுவாக, பலமாக இழுக்கும் நிலை) 2.46, கிரவுன் 5.38, மூன்றையும் பெருக்கினால் 37 மடங்கு. ஹரிகேனின் 155 நியூட்டன் மீட்டர் சக்கரத்துக்கு வரும்போது 5,700. டர்போ சேர்ந்த டி.ஐ. என்ஜினின் 180, 6,600-க்கு மேல். நான்கு சக்கரமும் பகிர்ந்துகொள்ளும் வரை தாங்கும். முன் சக்கரங்கள் சேற்றில் சுழன்று, பின் சக்கரங்கள் இரண்டும் கல்லில் பிடித்த நிலையில் கிளட்சைப் பட்டென்று விட்டால், பின் ஆக்ஸிலின் கூம்பு முனையில் ஹப்பைப் பிடித்திருக்கும் சாவிக்கட்டை முதலில் அறுபடும். நட்டை உரிய இறுக்கத்தில் வைத்திருப்பதும், காலில் பதற்றம் இல்லாதிருப்பதும்தான் மருந்து.

அப்படியென்றால் டர்போவும் சேர்த்துவிடலாமா?

டர்போவோடு தொழிற்சாலையிலிருந்து வந்த என்ஜின் என்றால் சரி. சாதா என்ஜினுக்கு வெளியே டர்போ மாட்டுவது வேறு கதை. பிஸ்டனும் ஆயில் வழியும் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல.

என்னிடம் இருப்பது ராணுவ ஏலத்தில் எடுத்த ஜோங்கா. அதற்கும் இதே பதில்தானா?

இல்லை. ஜபல்பூரில் நிசான் பேட்ரோல் வழியில் செய்யப்பட்ட ஜோங்காவில் இருப்பது ஆறு சிலிண்டர், 3,956 சி.சி. பெட்ரோல் என்ஜின். அதற்கு மேல் பெரிய என்ஜின் யாரும் தேடுவதில்லை. குடிக்கிற பெட்ரோலுக்குப் பயந்து 407 டீசலுக்கு மாறுகிறார்கள். இடம் தாராளம், சேஸிஸ் கனம், ஆகவே மேலே அந்த என்ஜினைப் பற்றி நான் சொன்ன குறை இங்கே பொருந்தாது. ஆர்.டி.ஓ., பிரேக், கிரவுன் பதில்கள் மூன்றும் அப்படியே பொருந்தும்.

கழற்றிய பழைய என்ஜினை எடைக்குப் போட்டுவிடலாமா?

போடாதீர்கள். ஆர்.சி.யின் பழைய எண் அதில்தான் இருக்கிறது. அனுமதி சிக்கலானாலோ, பிற்காலத்தில் வண்டியை மூல வடிவுக்குத் திருப்ப நினைத்தாலோ அது இல்லாமல் முடியாது. பிளக் துளைகள் வழியாகச் சிலிண்டருக்கு இரண்டு மேசைக்கரண்டி ஆயில் விட்டு, துளைகளை அடைத்து, மரச்சட்டத்தின் மேல் நிறுத்தித் தார்ப்பாயால் மூடுங்கள். மாதம் ஒருமுறை முன்பக்கப் புல்லியில் ஸ்பானர் போட்டு இரண்டு சுற்றுச் சுற்றிவிடுங்கள். என் என்ஜின் மாட்டுக்கொட்டகையின் மூலையில் இருக்கிறது, நேற்றும் சுற்றியது.